இயற்கை மடக்கையில் என்ன இயற்கை?

பதினோராம் வகுப்பில் எங்கள் கையில் மடக்கை அட்டவணை ஒன்று இருந்தது. மெல்லிய புத்தகம், முனை மடங்கி, பக்கங்கள் பழுப்பேறியிருக்கும். அதில் 2-க்கு நேரே 0.3010 என்று இருந்தது. கல்லூரியில் முதன்முதலாக அறிவியல் கணிப்பான் கைக்கு வந்தபோது இன்னொரு பொத்தானைக் கண்டேன். அதை அழுத்தினால் அதே 2-க்கு 0.6931 என்றது. இரண்டாவதற்குப் பெயர் ‘இயற்கை மடக்கை’. பத்தை அடிமானமாகக் கொண்டது செயற்கை, 2.71828… என்று முடிவில்லாமல் நீளும் எண்ணை அடிமானமாகக் கொண்டது இயற்கையா? கேட்டேன். “பெயர் அப்படி, எழுதிக்கொள்” என்ற பதில்தான் கிடைத்தது. அந்தப் பதிலோடு பட்டம் வாங்கி வெளியேறியவர்கள் நம்மில் ஏராளம். கேள்விக்கு நல்ல விடை உண்டு. அது ஒரு சூத்திரத்துக்குள் அடங்கிவிடுவதில்லை.

இரவில் பாலைக் காய்ச்சி ஆறவைத்து, ஒரு கரண்டி மோரை உறை ஊற்றிவிட்டுப் படுக்கிறோம். நடுச்சாமத்தில் எழுந்து பார்த்தால் பால் பாலாகவே இருக்கும். விடிகாலையில் கெட்டித் தயிர். கடைசி ஒரு மணி நேரத்தில் திடீரென்று ஏதோ நடந்துவிட்டதுபோலத் தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. பாலில் இருந்த பாக்டீரியாக்கள் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு இருக்கும் கூட்டத்தில் பாதிதான் ஐந்தரைக்கு இருந்தது. கால்வாசி ஐந்து மணிக்கு. மூன்று மணிக்கு அறுபத்து நான்கில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. விதி தொடக்கம் முதல் ஒன்றேதான். நம் கண்ணுக்குப் படும் அளவை அது எட்டியது மட்டும் கடைசியில்.

இருப்பது எவ்வளவோ, அதற்கேற்ற வேகத்தில் வளர்வது: அடுக்குக்குறிச் சார்பின் உயிர் இதுதான். ‘மிக வேகமான வளர்ச்சி’ என்று செய்தித்தாள்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பிழை. நூற்றாண்டுக்கு ஒரு சதவீதம் வளர்வதும் அடுக்குக்குறி வளர்ச்சிதான். வேகம் இருப்புக்கு விகிதப்படி இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி. தயிரிலும் இந்த வளர்ச்சி நெடுநேரம் நீடிப்பதில்லை. பெருகிய புளிப்பே பாக்டீரியாக்களைக் கட்டிப்போடுகிறது. இயற்கையில் எந்த அடுக்குக்குறி வளர்ச்சியும் ஒரு கட்டம் வரைக்கும்தான்.

வட்டிக்கு வருவோம். நம் ஊர்களில் ‘பத்து வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். ஒரு லட்சம் வாங்கியவர் ஓர் ஆண்டுக்குப் பிறகு தனி வட்டிக் கணக்கில் 2,20,000 ரூபாய் கட்ட வேண்டும். மாதாமாதம் கட்டாத வட்டியை அசலோடு சேர்த்து எழுதினால், அதாவது வட்டிக்கு வட்டி போட்டால், 3,13,843 ரூபாய். இந்தக் கணக்கு எத்தனை குடும்பங்களை ஊரை விட்டு ஓட்டியிருக்கிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். அளவு மீறிய வட்டி வசூலைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கடன் கொடுத்தவர் மாதத்தோடு நிற்காமல் தினந்தோறும் வட்டியை அசலில் சேர்க்கிறார் என்று கொள்வோம். ஆண்டுக்கு 360 நாள் என்றால் தொகை ஏறத்தாழ 3,31,350. மணிக்கு ஒருமுறை, நொடிக்கு ஒருமுறை சேர்த்தால்? பேராசைக்கு எல்லை இல்லாவிட்டாலும் இந்தத் தொகைக்கு எல்லை உண்டு: 3,32,012 ரூபாய். எத்தனை நுணுக்கி நுணுக்கிச் சேர்த்தாலும் அதைத் தாண்டாது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி 1683-இல் கையிலெடுத்தது இதே கேள்வியைத்தான். அவர் எடுத்துக்கொண்டது ஆண்டுக்கு நூறு சதவீத வட்டி. ஆண்டில் ஒரே முறை சேர்த்தால் ஒரு ரூபாய் இரண்டாகும். அரையாண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 2.25. மாதந்தோறும் என்றால் 2.613. தினந்தோறும் என்றால் 2.7146. எல்லை இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று காட்டியதோடு அவர் நின்றார். அந்த எல்லைதான் 2.71828… இதற்கு ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தைப் பெயராக வைத்தவர் பிற்காலத்தில் அதே பாசலில் பிறந்த லியோனார்டு ஆய்லர். 1731-இல் சக கணித அறிஞர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் அந்த எழுத்தை அவர் பயன்படுத்தியிருக்கிறார்.

ஆனால் ‘ஈ’ பிறந்த இடம் வட்டிக்கடை என்று மட்டும் நிறுத்திக்கொண்டால், அது ஏன் இயற்கை என்பது விளங்காது. கேள்வியை வேறு பக்கமிருந்து பிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு மணி நேரத்திலும் இரட்டிக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது ஒன்றிலிருந்து இரண்டாகிறது, கூடியது ஒன்று. ஆனால் புறப்படும் அந்த நொடியில் அதன் வேகம் என்ன? நேரத்தைச் சிறிதாக்கிப் பார்ப்போம். மணியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கூடியதை அந்த நேரத்தால் வகுத்தால் 0.7177. நூறில் ஒரு பங்கில் 0.6956. ஆயிரத்தில் ஒரு பங்கில் 0.6934. அது 0.6931-ஐ நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது. கணிப்பானில் 2-க்கு எதிரே கண்ட அதே எண்! மணிக்கு மும்மடங்காகும் பொருளுக்கு இதே கணக்கைப் போட்டால் 1.0986 வரும். பத்து மடங்காகும் பொருளுக்கு 2.3026. எந்த அடிமானத்தை எடுத்தாலும் வேகம் என்பது இருப்பைப்போல ஏதோ ஒரு மடங்கு. அந்த மடங்கு ஒரு வால்போலக் கூடவே ஒட்டிக்கொண்டு வருகிறது. இரண்டை எடுத்தால் வால் ஒன்றுக்குக் குறைவு, மூன்றை எடுத்தால் ஒன்றுக்கு அதிகம். இடையில் ஓர் அடிமானத்துக்கு மட்டும் அது சரியாக ஒன்று. அங்கே வேகமும் இருப்பும் ஒன்றே, வால் இல்லை. அந்த அடிமானம்தான் ‘ஈ’. அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நமக்குப் பத்து விரல் இருப்பதால் பத்து அடிமானமானது. கைக்கு ஆறு விரலோடு ஓர் உயிரினம் எங்காவது கணக்குப் போட்டால் அதற்குப் பன்னிரண்டு அடிமானமாகலாம். ‘ஈ’ மட்டும் அதற்கும் இதே எண்தான்.

மடக்கை என்பது இந்தக் கேள்வியின் மறுதலை: இத்தனை மடங்காக எவ்வளவு நேரம் பிடிக்கும்? இருப்புக்குச் சமமான வேகத்தில் வளரும் பொருள் இரண்டு மடங்காக 0.6931 அலகு நேரம், மூன்று மடங்காக 1.0986 அலகு நேரம். ஆறு மடங்காக? முதலில் இரண்டு மடங்காகட்டும், பிறகு அது மூன்று மடங்காகட்டும். இரண்டு நேரத்தையும் கூட்டினால் 1.7917. பெருக்கல் கூட்டலாக மாறும் அந்த மந்திரத்தின் பின்னால் இருப்பது இவ்வளவு எளிய விஷயம். ‘எத்தனை தடவை’ என்று கேட்கும் இந்த எண்ணம் இந்தியாவில் பழையதுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் தவளா என்ற சமண உரையை எழுதிய வீரசேனர், ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க முடியும் என்பதை ‘அர்த்தச்சேதம்’ என்றார். 64-க்கு அர்த்தச்சேதம் ஆறு. இரண்டு எண்களின் பெருக்கலுக்கு அர்த்தச்சேதங்களைக் கூட்டினால் போதும் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டை அடிமானமாகக் கொண்ட மடக்கை அது. ஆனால் அது அட்டவணையாகவோ கணக்கிடும் கருவியாகவோ வளரவில்லை.

வணிகர்களும் இந்த எண்ணை மோப்பம் பிடித்திருந்தார்கள். 1494-இல் வெனிஸில் அச்சான தன் பெரிய கணக்கு நூலில் லூக்கா பச்சோலி ஒரு விதி சொல்கிறார்: அசல் இரட்டிக்க எத்தனை ஆண்டு என்று அறிய, 72-ஐ வட்டி வீதத்தால் வகு. ஏன் என்று அவர் சொல்லவில்லை. இன்றும் வங்கி முகவர்கள் வாயில் இருக்கும் விதி இது. நம் பத்து வட்டிக்கு இதைப் போட்டால் 7.2 மாதம், உண்மைக் கணக்கு 7.27. நொடிதோறும் சேரும் வட்டியானால் அங்கே 72 இருக்காது, 69.3 இருக்கும், அதாவது நம் 0.6931. மாதத்துக்கோ ஆண்டுக்கோ ஒருமுறை சேரும் வட்டி சற்றே மெதுவாக இரட்டிப்பதால் எண் கொஞ்சம் ஏறுகிறது. தவிர, 72 பல எண்களால் மீதியின்றி வகுபடுவது மனக்கணக்குக்கு வசதி. பெயர் சூட்டப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அந்த எண் கடைத்தெருவில் இருந்திருக்கிறது.

இப்போது வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாடநூலில் முதலில் அடுக்கு, பிறகு அடுக்குக்குறிச் சார்பு, அதன் தலைகீழாக மடக்கை என்று வரிசை வைக்கிறோம். நடந்தது இதற்கு நேர்மாறு. எடின்பரோ அருகே மெர்ச்சிஸ்டன் கோட்டையில் வாழ்ந்த நிலக்கிழார் ஜான் நேப்பியர், இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 1614-இல் மடக்கை நூலை வெளியிட்டார். எண்ணின் தலைமேல் சிறிய எண்ணை எழுதி அடுக்கைக் குறிக்கும் இன்றைய முறையைப் பிரெஞ்சு அறிஞர் டெகார்ட்டே பரவலாக்கியது 1637-இல். அடுக்கு எழுதும் முறை சரியாக அமையும் முன்பே மடக்கை வந்துவிட்டது.

நேப்பியர் அதை எப்படிக் கண்டார்? அவர் இரண்டு புள்ளிகளை ஓடவிட்டார். ஒன்று முடிவில்லாத கோட்டில் மாறாத வேகத்தில் ஓடுகிறது. மற்றொன்று ஒரு கோடி அலகு நீளமுள்ள கோட்டில், இன்னும் கடக்க வேண்டிய தூரம் எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் ஓடுகிறது. புறப்படும்போது இரண்டுக்கும் ஒரே வேகம். இரண்டாவது புள்ளிக்கு மீதமிருக்கும் தூரம் ஓர் எண் என்றால், அந்த நேரத்தில் முதல் புள்ளி கடந்த தூரம் அதன் மடக்கை. மீதமிருப்பதற்கேற்ற வேகம்! நியூட்டன் பிறக்க இருபத்தெட்டு ஆண்டு முன்பு, நுண்கணிதம் என்ற சொல்லே இல்லாத காலத்தில், வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றை ஓடும் புள்ளிகளாக எழுதியிருக்கிறார் மனிதர். அதனால் முதல் மடக்கை அட்டவணையே, ஒரு கோடி என்ற பெருக்கலையும் குறியையும் நீக்கிப் பார்த்தால், இயற்கை மடக்கைதான். இயற்கையானது முதலில் வந்தது. பத்தை அடிமானமாகக் கொண்டது பின்னால்தான் வந்தது.

பத்துக்கு மாற்றியதில் பெரும்பங்கு லண்டன் கிரெஷாம் கல்லூரிப் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸுக்கு. நூலைப் படித்து வியந்த அவர் 1615-இல் நேப்பியரைப் பார்க்க எடின்பரோ வரை பயணம் போனார். முதல் சந்திப்பில் கால்மணி நேரம் பேச்சின்றி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று பிற்காலத்தில் ஒரு கதை எழுதப்பட்டது. ஒன்றின் மடக்கை பூச்சியம் ஆகவும் பத்தைச் சுற்றிக் கணக்கு அமையவும் வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். நேப்பியர் 1617-இல் இறந்தார். பிரிக்ஸ் 1624-இல் முப்பதாயிரம் எண்களுக்குப் பதினான்கு தசம இடம் வரை கணக்கிட்டு அச்சிட்டார். வானியலாளருக்கும் மாலுமிக்கும் அது வரமாக அமைந்தது. நான் படித்த பழுப்பேறிய புத்தகம் அந்த வம்சத்தில் வந்ததுதான்.

இயற்கை மடக்கையோ இன்னொரு வழியில் திரும்பி வந்தது. ஒன்றை ஓர் எண்ணால் வகுத்து வரும் மதிப்பை உயரமாக வைத்து ஒரு வளைவு வரையுங்கள். 1-இல் உயரம் 1, 2-இல் அரை, 4-இல் கால். இதுதான் அதிபரவளையம். வளைவுக்குக் கீழே 1 முதல் 2 வரை உள்ள பரப்பும், 2 முதல் 4 வரை உள்ள பரப்பும், 4 முதல் 8 வரை உள்ள பரப்பும் சமம். அகலம் இரட்டிக்கிறது, உயரம் பாதியாகிறது, பரப்பு மாறுவதில்லை. இதைக் கண்டவர் கிரகோரி த சான்-வின்சென்ட் என்ற பெல்ஜிய இயேசு சபைத் துறவி. 1631-இல் பிராகு நகரம் எதிரிப் படையிடம் விழுந்தபோது கைப்பிரதிகளை விட்டுவிட்டு அவர் தப்பி ஓட வேண்டியிருந்தது. சகதுறவி ஒருவர் அவற்றைக் காப்பாற்றிப் பத்தாண்டு கழித்து அனுப்பிவைத்தார். நூல் அச்சானது 1647-இல். எண்களைப் பெருக்கும்போது பரப்புகள் கூட்டலாகின்றன என்றால் இது மடக்கை அல்லவா என்று 1649-இல் எடுத்துச் சொன்னவர் அதே சபையைச் சேர்ந்த த சரசா. அந்தப் பரப்புகளை அளந்தால் வருவது 0.6931, பத்து அடிமானத்தின் 0.3010 அல்ல. பரப்பு சரியாக ஒன்று ஆகும் இடம் 2.71828. வட்டியும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை. வெறும் வளைவு ஒன்று அதே எண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. 1668-இல் நிக்கோலஸ் மெர்கேட்டர் இதை முடிவிலாத் தொடராக எழுதினார்: ஒன்று, கழித்தல் அரை, கூட்டல் மூன்றில் ஒன்று, கழித்தல் கால் என்று போய்க்கொண்டே இருந்தால் 2-இன் இயற்கை மடக்கை கிடைக்கும். ‘இயற்கை’ என்ற பெயரும் அவருடைய நூலில் இருக்கிறது. 1665-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி ஊர்ப்பக்கம் போயிருந்த இளம் நியூட்டன், இதே வளைவின் பரப்பை ஐம்பத்திரண்டு இலக்கம் வரை கணக்கிட்டிருக்கிறார். இழைகளையெல்லாம் சேர்த்துக் கட்டியது ஆய்லரின் 1748-ஆம் ஆண்டு நூல். நம் பாடநூல்களின் வரிசை அங்கிருந்து வந்தது. அது தெளிவான வரிசைதான். ஆனால் நேப்பியரின் ஓடும் புள்ளிகளை ஒரு வகுப்பிலாவது மாணவர்களுக்குக் காட்டாமல் விடுவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

தேய்வதும் இதே விதிக்குக் கட்டுப்பட்டது. அதற்கு நமக்கு மிக நெருங்கிய சான்று வைகைக் கரையில் இருக்கிறது. கீழடியில் தோண்டி எடுத்த ஆறு கரிம மாதிரிகளைத் தமிழ்நாடு தொல்லியல் துறை அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள பீட்டா ஆய்வகத்துக்கு அனுப்பியது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்ற முடிவு 2019-இல் வெளியான அறிக்கையில் இடம்பெற்றது. அந்த ஆண்டு எப்படிக் கிடைத்தது?

உயிருள்ள மரமும் நெல்லும் காற்றிலிருந்து கரிமத்தை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று கரிமம்-14. உயிர் போனதும் வரவு நிற்கிறது, இருந்தது சிதைகிறது. எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. மொத்தத்தில் சிதையும் வேகம் மட்டும் மீதமிருப்பதற்கேற்றது. நேப்பியரின் இரண்டாவது புள்ளி! பாதியாகக் குறைய 5730 ஆண்டு. அதை 0.6931-ஆல் வகுத்தால் 8267. மீதமிருக்கும் பங்கின் இயற்கை மடக்கையை 8267-ஆல் பெருக்கினால் வயது. 73 சதவீதம் மீதமிருந்தால் அதன் மடக்கை, குறியை விட்டுவிட்டால், 0.3147, வயது ஏறத்தாழ 2600 ஆண்டு. கீழடியின் ஆழத்து மாதிரி ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது. இம்முறையை 1949-இல் நிறுவிய வில்லார்டு லிப்பிக்கு 1960-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

மடக்கை இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது. மீதமிருக்கும் பங்கை அளப்பதில் ஒரு சதவீதம் பிசகினால் வயதில் எண்பது ஆண்டுக்குச் சற்று மேல் பிசகும். ஆயிரமாண்டுப் பொருளானாலும் பத்தாயிரமாண்டுப் பொருளானாலும் அதே எண்பதுதான். ஆனால் பொருள் பழையதாக ஆக அந்த ஒரு சதவீதத் துல்லியத்தை எட்டுவது கடினமாகிறது. ஐம்பதாயிரம் ஆண்டில் மிஞ்சுவது 0.24 சதவீதம்தான். அதற்கப்பால் இந்த முறை கைவிரித்துவிடுகிறது.

சிதைவின் விதி பிசகுவதில்லை. சிக்கல் தொடக்கத்தில் இருக்கிறது. காற்றில் கரிமம்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. சூரியனும் புவியின் காந்தப் புலமும் மாற மாற அதுவும் ஏறி இறங்கியது. எனவே மடக்கை தரும் வயதை அப்படியே நாட்காட்டி ஆண்டாகக் கொள்ள முடியாது. ஆண்டுக்கொரு வளையமாக வளர்ந்த பழைய மரங்களை வளையம் வளையமாக அளந்து வரைந்த ஒப்பீட்டு வளைவின் மேல் அதை வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வளைவில் ஏறத்தாழ கி.மு. 800-க்கும் 400-க்கும் இடையில் ஒரு சமதளம் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் ஊரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். அந்த நானூறு ஆண்டுகளில் காற்றில் இருந்த கரிமம்-14 குறைந்துகொண்டே வந்தது. முன்பு இறந்த மரத்தில் கூடுதலாக இருந்தது கூடுதல் காலம் சிதைந்தது; பின்பு இறந்த மரத்தில் குறைவாக இருந்தது குறைவான காலம் சிதைந்தது. இன்று அளந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. கி.மு. 580 அந்தச் சமதளத்தின் மேலேயே விழுகிறது. அதனால் அந்த எண்ணை ஒற்றை ஆண்டாக மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடுபவர்களும், அதைக் காட்டியே முழு அகழாய்வையும் ஐயப்படுபவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். மண்ணடுக்குகளின் வரிசையும், மேலும் கீழும் கிடைத்த மற்ற மாதிரிகளும் சேர்ந்தே அந்தக் காலத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மாதிரிகள் கூடக் கூடப் பிடி இறுகும்.

ஆய்வகங்களின் அறிக்கையில் இன்னொரு விசித்திரம் உண்டு. லிப்பி கொண்ட அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 5568 ஆண்டு. அதற்குரிய பெருக்கும் எண் 8033. அது சரியல்ல, 5730-தான் சரி என்று 1962-இல் கேம்பிரிட்ஜில் கூடிய அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் முன்பே அச்சான ஆயிரக்கணக்கான முடிவுகளோடு குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, அறிக்கையில் பழைய எண்ணையே தொடர்வது என்றும் அங்கேயே முடிவெடுத்தார்கள். மர வளையங்களின் மாதிரிகளும் அதே 8033-ஆல்தான் கணக்கிடப்படுகின்றன. ஒப்பிடும்போது இரு பக்கப் பிழையும் ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. இன்றும் உலகின் எந்த ஆய்வகத்திலிருந்து வரும் ‘மரபுவழிக் கரிம வயது’ என்ற வரியானாலும், மீதமிருக்கும் பங்கின் இயற்கை மடக்கையை 8033-ஆல் பெருக்கி எழுதியதுதான்.